கேட்பவரும் பாடும் களம்

மலர்க் குழுவினர் அன்புடன் பணித்த பொருள் ‘கொரிய அலை’. அதன் பாட்டுக் குழுக்களையும் தொடர்களையும் இம்மலரைப் படிக்கும் இளையோர் என்னைவிட நன்கறிவர். ஆகவே அவற்றை விடுத்து, என் மனத்துக்கு உகந்த பான்சோரிக் கலையிலிருந்து தொடங்குகிறேன். கொரிய இசையின் ஊற்றுக்கண் அதுவே என்பது என் துணிபு.

‘பான்’ என்றால் மக்கள் கூடும் களம்; ‘சோரி’ என்றால் ஒலி. 17-ஆம் நூற்றாண்டில் கொரியாவின் தென்மேற்கில், சாமியாடிகளின் சடங்குப் பாடல்களிலிருந்து இது கிளைத்ததாக அறிஞர் கருதுவர். விரித்த பாயில் பாடகர் ஒருவர் நிற்பார். கையில் மடக்கு விசிறி ஒன்றே. அதுவே கடிதம், அதுவே துடுப்பு, சுரைக்காய் அறுக்கும் கதையில் அதுவே வாள். எதிரே அமர்ந்த ‘கோசு’, ‘புக்’ என்னும் முரசின் ஒரு முகத்தைக் கையாலும் மறு முகத்தைக் கோலாலும் கொட்டுவார். ஒரு கதையை முழுதும் பாட 8 மணி நேரம்கூட ஆகும். கரகரத்துக் கனத்த குரலையே அவர்கள் முதிர்ந்த குரல் என்பர். அருவியின் இரைச்சலுக்கு எதிரே நின்று பாடிப் பழகிய குரல் அது.

ஆயினும் கலையின் உயிர் பாடகரிடம் மட்டும் இல்லை. அவர் மூச்சு வாங்கும் இடைவெளியில் கோசு ‘ஒல்ஸிகு!’ என்பார், சுற்றி அமர்ந்தோர் ‘ஜோத்தா!’ என்பர். ‘பலே’, ‘நன்று’ எனப் பொருள்படும் இக்குரல்களுக்குச் ‘சுயிம்சே’ என்று பெயர். இடம் தப்பிக் கொடுத்தால் பாட்டு குலையும். எனவே கேட்பவரும் தாளம் அறிந்தவராக இருந்தாக வேண்டும். முரசு கொட்டுபவர் முதல்வர், பாடகர் இரண்டாமவர் என்றே அங்கு ஒரு சொல்வழக்கு உண்டு.

பான்சோரியின் 12 கதைகளுள் இன்று பாட்டோடு எஞ்சியவை 5. கோச்சாங் ஊரைச் சேர்ந்த ஷின் ஜேஹ்யோ (1812–1884) ஆறு கதைகளைச் செப்பம் செய்து எழுதிவைத்தார். பெண்களில் முதல் பான்சோரிப் பாடகியாகப் போற்றப்படும் ஜின் சேசொன் அவருடைய மாணவி. அப்பெருமகனை வணங்காமல் மேலே செல்ல என் பேனா ஒப்பவில்லை.

பாட்டைத் தாங்கியது மொழி. மன்னர் சேஜோங் 1443-இல் ஆக்கி 1446-இல் நாட்டுக்கு அளித்த 28 எழுத்துகளுள் ககரம், நாவடி எழும்பித் தொண்டையை அடைக்கும் வடிவம்; மகரம், வாயின் வடிவம். அம்மொழிக்கு அகராதி தொகுத்தவர்களை ஜப்பானிய ஆட்சி 1942 முதல் சிறையிட்டது. இருவர் சிறையிலேயே மாண்டனர். பறிமுதலான கையெழுத்துப் படி, விடுதலைக்குப் பின் 1945 செப்டம்பரில், சியோல் ரயில் நிலையக் கிடங்கொன்றில் கிடைத்தது. முதல் தொகுதி 1947-இல் அச்சேறியது.

2018-இல் பி.டி.எஸ். குழுவின் இசைத்தொகுப்பு அமெரிக்காவின் பில்போர்டு 200 பட்டியலில் முதலிடம் பெற்றபோது, அதன் பாடல்கள் பெரும்பாலும் அந்தக் கொரிய மொழியில்தான் இருந்தன. அதே ஆண்டு வெளிவந்த அவர்களின் ‘ஐடல்’ பாட்டில் சுயிம்சேயும் ஒலிக்கிறது. அரங்கில் பாடகரின் இடைவெளி பார்த்து ஒருசேரக் குரல் கொடுக்கும் இளையோரே, ஒருமுறை ‘சுன்ஹ்யாங்கா’ என்னும் பான்சோரிக் கதையையும் கேளுங்கள். விசிறி சட்டென மடங்கும் இடத்தில் கோசு என்ன சொல்கிறார் என்று காது கொடுங்கள்.