வேர்ட்பிரஸின் பின்வாசல்

வேர்ட்பிரஸ் நிறுவியவர்கள் அதன் கோப்புகளை நோட்டம் விட்டால் "எக்ஸ்எம்எல்ஆர்பிசி.பிஹெச்பி" என்று ஒன்று தென்படும். பெயரைப் பார்த்ததுமே பலர் நகர்ந்துவிடுவார்கள் :-) ஆனால் அந்த மென்பொருளின் பாதிச் சண்டைகள் இந்த ஒரு கோப்பைச் சுற்றித்தான்.

எக்ஸ்எம்எல்-ஆர்பிசி என்பது 1998-ல் டேவ் வைனரும் மைக்ரோசாஃப்ட்காரர்களும் சேர்ந்து உருவாக்கிய முறை. ஒரு கணினியில் ஓடும் நிரல், இணையம் வழியே இன்னொரு கணினியிடம் வேலை சொல்ல உதவும். மிஷேல் வால்ட்ரிகியின் பி2 என்ற திறந்த மூல மென்பொருளில் இது இருந்தது. 2003 மே மாதம் மாட் முல்லன்வெக்கும் மைக் லிட்டிலும் பி2-விலிருந்து வேர்ட்பிரஸை உருவாக்கி வெளியிட்டபோது கூடவே வந்துவிட்டது. அன்றைக்கு இது வரப்பிரசாதம். உலாவியில் எழுதிக்கொண்டிருக்கும்போது இணைப்பு அறுந்தால் எழுதியதெல்லாம் போச்சு! கணினியிலேயே எழுதி வைத்து, ஒரே சொடுக்கில் தளத்துக்கு அனுப்ப இந்த வாசல்தான் வழி.

வாசல் என்றால் திருடனும் வருவான் அல்லவா? 2008 ஜூலையில் வந்த 2.6 பதிப்பில், புதிதாக நிறுவுவோருக்கு இதை மூடியே கொடுத்தார்கள். வேண்டுமென்றால் அமைப்புகளில் போய் டிக் செய்துகொள்ளலாம். வேடிக்கை என்னவென்றால், அதே மாதம்தான் ஐபோனுக்கான வேர்ட்பிரஸ் செயலியும் வந்தது. அதற்கு இந்த வாசல் திறந்திருக்க வேண்டும். கடையைச் சாத்திய அன்றைக்கே கல்யாண ஆர்டர் வந்த கதை!

2012 டிசம்பரில், 3.5 பதிப்பில், மறுபடி திறந்தார்கள். பாதுகாப்பு மேம்பட்டுவிட்டது என்பது வாதம். திறந்தது கூட சரி. மூடுவதற்கு இருந்த அந்த டிக் பெட்டியையும் எடுத்துவிட்டார்களே, அதுதான் இடிக்கிறது. வாசல் இருப்பதே தெரியாதவர்தான் தளம் நடத்துபவர்களில் பெரும்பாலோர்.

விளைவு 2014 மார்ச்சில் தெரிந்தது. "உன் பதிவுக்கு இணைப்பு கொடுத்திருக்கிறேன்" என்று ஒரு தளம் இன்னொன்றுக்குச் சொல்வது பிங்பேக். சேதி பெற்ற தளம், உண்மைதானா என்று அந்தப் பக்கத்தைப் போய்ப் பார்க்கும். தாக்குபவர்கள் பொய்யாக வேறொருவர் முகவரியைக் கொடுத்தார்கள். 1,62,000-க்கும் மேற்பட்ட வேர்ட்பிரஸ் தளங்கள் ஒரே தளத்தின் மேல் போய் விழுந்தன. அத்தனை பேரும் அப்பாவிகள், யாருக்கும் விஷயமே தெரியாது!

2015-ல் இன்னொரு தந்திரம். ஒரே கோரிக்கைக்குள் நூற்றுக்கணக்கான கடவுச்சொற்களை அடுக்கி முயன்றார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் 4.4 பதிப்பு அந்த ஓட்டையை அடைத்தது. கூடவே ரெஸ்ட் ஏபிஐ என்ற புது வாசலுக்கு அஸ்திவாரமும் போட்டது. 2016 டிசம்பரில், 4.7-ல், அது முழுதாகத் திறந்தது. இரண்டே மாதத்தில் அதிலும் ஓட்டை! கடவுச்சொல் இல்லாமலே யாருடைய பதிவையும் மாற்றி எழுதலாம். 2017 ஜனவரி 26-ல் திருத்தம் வந்தது. ஓட்டையின் விவரத்தை மட்டும் ஒரு வாரம் மறைத்து வைத்தார்கள், தானியங்கிப் புதுப்பிப்பு எல்லாத் தளங்களையும் எட்டட்டும் என்று. நல்ல முடிவு. இருந்தும், புதுப்பிக்காத ஏராளமான தளங்கள் சிதைக்கப்பட்டன.

பழைய கோப்பு இன்றும் வேர்ட்பிரஸோடு வருகிறது. மூட விரும்பினால் பிளக்-இன் போடவேண்டும், இல்லை சர்வரிலேயே தடுக்கவேண்டும். அந்த டிக் பெட்டி திரும்பி வரவில்லை.