புறநீர்மையும் கபிரிஞ்ஞாவும்: திருகோணமலைக் கிற்றாருக்குரிய இசையிலக்கணம்

கிற்றார் பழகத் தொடங்குபவருக்கு மேலையிசை இலக்கணத்தின் முதற்பாடமாகக் கிடைப்பவை மூன்று கார்ட்டுகள்: ஆதார சட்ஜத்தில் ஒன்று, மத்திமத்தில் ஒன்று, பஞ்சமத்தில் ஒன்று. இவை கைவந்தால் எந்தப் பாட்டுக்கும் வாசிக்கலாம், புதிதாகப் பாட்டும் கட்டலாம் என்பது பரவலான நம்பிக்கை. திருகோணமலைத் துறைமுகத்தை ஒட்டி வழங்கும் இரண்டு இசைமரபுகளின் முன் இந்த நம்பிக்கை நிற்காது. ஒன்றில் அந்த மூன்றும் போதும். ஆனால் பாட்டின் உயிர் அவற்றில் இல்லை. மற்றதில் அவை பாட்டையே கெடுத்துவிடும்.

முதலாவது, போர்த்துக்கேயப் பறங்கியர் வயலினும் கிற்றாரும் கைமேளமும் கொண்டு வாசித்து ஆடும் கபிரிஞ்ஞா. 1940களில் பொலிஸ் சேவையிலிருந்த வொலி பஸ்டியன் பிரபலப்படுத்திய பைலாவுக்கு இதுவே ஊற்று. நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் முதலியோரின் தமிழ்ப் பொப்பிசையிலும் பைலாவின் தாக்கம் வெளிப்படை. இவற்றில் கார்ட்டுகள் சிலவே. நுட்பமெல்லாம் வலக்கையில் இருக்கிறது. ஆறு எண்ணிக்கை கொண்ட ஒரு சுற்றைக் கட்டைவிரல் 3+3 என்று பகுக்க, அதே சுற்றை மற்ற விரல்கள் 2+2+2 என்று பகுக்கும். இரு பகுப்பும் ஒரே நேரத்தில் கேட்பதால்தான் கால் தானாக அசைகிறது.

பாட்டெழுதுபவர் இதை வேற்று இலக்கணமாகக் கற்க வேண்டியதில்லை. நெடிலுக்கு இரண்டு மாத்திரை, குறிலுக்கு ஒன்று, குறிலோடு ஒற்று சேர்ந்தால் இரண்டு என்பது வண்ணப்பாவின் கணக்கு. திருக்கோணமலைக்கும் திருப்புகழ் பாடிய அருணகிரிநாதர் இக்கணக்கை எட்டிய உச்சம் வேறெவரும் தொடாதது. சோதனைக்காக நான் கட்டிய இரண்டு துண்டுகள்: ‘தோணி மேல’, ‘போவோம் வா’. இரண்டும் ஆறு மாத்திரை. முதலாவது ‘தான தான’ என்று 3+3 ஆக விழுகிறது. இரண்டாவது ‘தா தா தா’ என்று 2+2+2 ஆக விழுகிறது. கட்டைவிரல் மாறாமல் 3+3 தட்டிக்கொண்டிருக்க இவற்றை அடுத்தடுத்துப் பாடினால், விரல்கள் செய்த வேலையைச் சொற்களே செய்துவிடும். கார்ட் மாறவே வேண்டாம்.

இரண்டாவது மரபு கோணேசர் கோயிலுடையது. 1622இல் போர்த்துக்கேயர் அக்கோயிலை இடித்தனர். இடித்தவர்களின் வழிவந்த தாளமும் இடிபட்ட கோயிலின் பண்ணும் இன்று ஒரே ஊரில் ஒலிக்கின்றன. கோணமாமலைமீது சம்பந்தர் பாடிய பதிகம் மூன்றாம் திருமுறையில் புறநீர்மைப் பண்ணில் அமைந்தது. இப்பண்ணை இன்று பூபாளமாகப் பாடுவது வழக்கம்.

பூபாளத்தைக் கிற்றாரில் வைத்துப் பார்ப்போம். ஏ சுரத்தைச் சட்ஜமாகக் கொண்டால் கிடைக்கும் ஐந்து சுரங்கள் ஏ, பி பிளாட், சி, ஈ, எஃப். இவற்றுக்குள் அமையும் மேஜர், மைனர் கார்ட்டுகள் இரண்டே: ஏ மைனரும் எஃப் மேஜரும். திறந்த தந்திகளில் ஈயும் ஏயும் மட்டும் ராகத்துக்குள் நிற்கின்றன. டி, ஜி, பி ஆகிய நடுத்தந்தி மூன்றும் வெளியே. அவற்றை அழுத்தியோ அடக்கியோதான் வாசிக்க வேண்டும். முதற்பாடம் பரிந்துரைக்கும் மத்திமக் கார்ட்டுக்கு இங்கே அடிச்சுரமே இல்லை. பஞ்சமத்தில் வழக்கமாக வைக்கும் ஈ மேஜரோ ராகத்தில் இல்லாத ஜி ஷார்ப்பைக் கொண்டுவருகிறது. அதைவிடக் கேடு, கூடவே வரும் பி சுரம். ராகத்தின் சுத்த ரிஷபமான பி பிளாட்டுக்கு அரைச்சுரம் மேலே நின்று அதோடு மோதுகிறது. பூபாளத்தின் விடியற்காலை நிறம் அந்தப் பி பிளாட்டில்தான் இருக்கிறது.

ராகங்களுக்குக் கார்ட் சேர்ப்பதைத் திரையிசை எப்போதோ சாதித்துவிட்டதே என்று கேட்கலாம். தன்ராஜ் மாஸ்டரிடம் மேலையிசை கற்ற இளையராஜாவின் பாடல்களே நல்ல சான்று. ஆனால் அவற்றைக் கவனித்துக் கேட்டால், பல இடங்களில் ராகத்தைத் தாங்குவது தனிவழி நடக்கும் பேஸ் கிற்றாரும் எதிர்மெட்டும் என்பது புலப்படும். கார்ட் பட்டியல் அங்கே பின்தங்கிவிடுகிறது. பூபாளத்துக்கும் அதுவே பொருந்தும்: திறந்த ஏ தந்தியைச் சுருதியாக ஒலிக்கவிட்டு, ஆறாம் தந்தியில் எஃப் தொட்டு ஈக்கு இறங்கும் ஒரு பேஸ் நகர்வு. ஈ மேஜர் செய்ய வந்த வேலை அதிலேயே நடந்துவிடுகிறது. பி பிளாட்டும் குலையாமல் நிற்கிறது.