ஒரு பாட்டு, நான்கு முதலிடங்கள்: ‘அன்செயின்ட் மெலடி’யை முன்வைத்து

ஒரே பாட்டைப் பலர் பாடி, ஒவ்வொருவரும் விற்பனைப் பட்டியலில் உயர்ந்த இடம் பெற்றால், பாட்டின் தரமே அதற்குக் காரணம் என்று சொல்லிவிடுவது வழக்கம். அதற்குச் சான்றாக அதிகம் காட்டப்படுவது ‘அன்செயின்ட் மெலடி’. பிரிட்டிஷ் பட்டியலில் அது நான்கு முறை முதலிடம் பிடித்தது: 1955இல் ஜிம்மி யங், 1990இல் ரைட்டியஸ் பிரதர்ஸ், 1995இல் ராப்சன் கிரீன் - ஜெரோம் ஃபிளின் இணை, 2002இல் கேரத் கேட்ஸ். இந்த நான்கையும் ஒரே வரிசையில் வைத்து எண்ணுவது பிழை என்பதே இக்கட்டுரையின் வாதம். முதல் வெற்றி ஒருவகைச் சந்தையின் விளைவு. மற்ற மூன்றும் முற்றிலும் வேறொன்றின் விளைவு.

கலிபோர்னியாவின் சீனோ சிறையைக் களமாகக் கொண்ட ‘அன்செயின்ட்’ (1955) என்ற திரைப்படத்துக்காக அலெக்ஸ் நார்த் இசையமைக்க, ஹை ஸாரெட் எழுதிய பாட்டு இது. படத்தில் கைதியாகத் தோன்றிப் பாடியவர் டாட் டங்கன். கெர்ஷ்வினின் ‘போர்கி அண்ட் பெஸ்’ ஓபரா 1935இல் அரங்கேறியபோது போர்கியாக முதன்முதலில் நடித்த கறுப்பினப் பாடகர் அவர். படம் மறக்கப்பட்டது, பாட்டு ஆஸ்கர் பரிந்துரை பெற்றது.

அதே 1955இல் அமெரிக்கப் பட்டியலில் லெஸ் பாக்ஸ்டர் முதலிடத்தையும், அல் ஹிப்லர் மூன்றாம் இடத்தையும், ராய் ஹாமில்டன் ஆறாம் இடத்தையும் எட்டினர். ஜூன் வாலியின் பதிவும் பட்டியலில் ஏறியது. பிரிட்டனிலோ யங், பாக்ஸ்டர், ஹிப்லர், லிபராச்சி ஆகிய நால்வரின் பதிவுகளும் ஒரே சமயத்தில் முதல் இருபது இடங்களுக்குள் இருந்தன. அமெரிக்கப் பதிவுகள் வெளிவந்த நிறுவனங்களைப் பார்த்தாலே விஷயம் விளங்கும். பாக்ஸ்டர் கேபிடல், ஹிப்லர் டெக்கா, ஹாமில்டன் எபிக், வாலி ஆர்சிஏ விக்டர். ஒரு பாட்டு சூடு பிடித்தால், ஒவ்வொரு நிறுவனமும் தன் கைவசமுள்ள பாடகரைக் கொண்டு உடனே ஒரு தட்டு வெளியிட்டது. கடைக்கு வந்தவர் கேட்டது பாட்டை. எந்தக் குரல் என்பது அடுத்த கேள்விதான். 1935 முதல் அமெரிக்க வானொலியில் ஒலித்த ‘யுவர் ஹிட் பரேட்’ நிகழ்ச்சியும் தட்டுகளை அல்லாமல் பாடல்களையே வரிசைப்படுத்தியது.

இதற்கு வழி செய்தது சட்டம். தானியங்கிப் பியானோவை இயக்கும் உருளைகளின் சந்தை ஒரே நிறுவனத்தின் பிடிக்குள் போய்விடும் என்று அஞ்சிய அமெரிக்கக் காங்கிரஸ், 1909 பதிப்புரிமைச் சட்டத்தில் கட்டாய உரிமத்தைக் கொண்டுவந்தது. உரிமையாளர் ஒருவருக்கு அனுமதி கொடுத்துவிட்டால், பிறகு யார் வேண்டுமானாலும் பிரதிக்கு 2 சென்ட் கட்டி அதே பாட்டைப் பதிவு செய்யலாம். அந்த 2 சென்ட் கட்டணம் 1977 முடியும்வரை மாறவில்லை. இயற்றியவருக்குப் பணம் உண்டு. முதலில் பாடியவரின் பாணிக்கும் வாத்திய அமைப்புக்கும் எந்தக் காப்பும் இல்லை.

இந்த ஏற்பாட்டால் அதிகம் இழந்தவர்கள் கறுப்பினக் கலைஞர்கள். 1954இல் லாவர்ன் பேக்கர் பாடிய ‘ட்வீட்லி டீ’யை, ஏறத்தாழ அதே வாத்திய அமைப்போடு ஜார்ஜியா கிப்ஸ் என்ற வெள்ளையினப் பாடகி பதிவு செய்து, பேக்கரைவிடப் பெரிய வெற்றி பெற்றார். பேக்கர் காங்கிரஸ் உறுப்பினர் சார்லஸ் டிக்ஸிடம் முறையிட்டார். சட்டம் மாறவில்லை. பல குரல்களில் ஒலித்த பாட்டு என்று பெருமைப்படும்போது, அந்தப் பன்மையின் விலையை யார் கொடுத்தார்கள் என்பதையும் கேட்க வேண்டும்.

1965இல் நிலைமை வேறு. ரைட்டியஸ் பிரதர்ஸ் என்பது பில் மெட்லி, பாபி ஹாட்ஃபீல்ட் இருவரின் குழு. ஆனால் இந்தப் பாட்டை ஹாட்ஃபீல்ட் தனியாகவே பாடினார். ‘ஹங் ஆன் யூ’ என்ற பாட்டுக்கான தட்டின் மறுபக்கத்தில்தான் இது இடம்பெற்றது. வானொலிக்காரர்கள் தட்டைத் திருப்பிப் போட்டார்கள். அமெரிக்காவில் நான்காம் இடம் கிடைத்தது. பாக்ஸ்டரின் பதிவில் வாத்தியக் குழுவும் சேர்ந்திசையும் மெட்டைச் சுமக்கின்றன. யார் பாடினாலும் அது நிற்கும். ஹாட்ஃபீல்டோ தாழ்வாக, மெல்லத் தொடங்குகிறார். இறுதிப் பகுதியில் குரல் சட்டென்று உச்சத்துக்குத் தாவுகிறது. அந்தத் தாவலைத் தாளில் எழுதி விற்க முடியாது. மெட்டிலிருந்து பிரிக்க முடியாதபடி ஒரு மனிதரின் தொண்டை அதில் பதிந்துவிட்டது.

1990இல் ‘கோஸ்ட்’ திரைப்படம் அந்தப் பதிவை மீண்டும் கொண்டுவந்தபோது, கடைகளில் விற்க அதே இருவரும் புதிய பதிவொன்றையும் செய்தனர். அமெரிக்காவில் பழையது 13ஆம் இடம், புதியது 19ஆம் இடம். பாட்டும் ஒன்று, குழுவும் ஒன்று. பட்டியலில் இரண்டு இடங்கள். எண்ணப்படும் அலகு பாட்டிலிருந்து பதிவுக்கு மாறிவிட்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான ஆதாரம் தேவையில்லை.

அடுத்த இரண்டு முதலிடங்களும் ஹாட்ஃபீல்டின் 1965 பதிவின் நிழலில் வந்தவை. ராப்சனும் ஜெரோமும் ‘சோல்ஜர் சோல்ஜர்’ என்ற தொலைக்காட்சித் தொடரில் இதைப் பாடினர். தட்டாக வெளியிட அவர்களை இணங்க வைத்தவர் இசைத்தட்டு நிறுவனத்தைச் சேர்ந்த சைமன் கோவெல். கேரத் கேட்ஸ் ‘பாப் ஐடல்’ போட்டியில் இரண்டாம் இடம் பெற்றவர். கோவெல் அதில் நடுவர். இரண்டு பதிவுகளும் ஹாட்ஃபீல்டின் வழியையே பின்பற்றுகின்றன, 1955இன் வாத்திய அமைப்பை அல்ல.

அதே சட்டத்தின் கீழ் பதிவான எத்தனையோ பாடல்கள் மறைந்துபோக, இது மட்டும் ஏன் நிலைத்தது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. நீண்ட சுரங்களில் மெல்ல ஏறும் இந்த மெட்டு, சேர்ந்திசைக்கும் தனிக்குரலுக்கும் ஒருசேர இடம் தருவது. அந்தத் தகுதி இல்லாமல் எதுவும் நடந்திருக்காது. ஆனால் 1990 முதல் மூன்று முறை ஏன் முதலிடம் என்பதற்கு மெட்டு மட்டும் விடையாகாது. மெட்டு 1955லும் இதே மெட்டுதான்.

ஆகவே நான்கு முதலிடங்களில் ஜிம்மி யங்குடையதைத் தனியே வைக்க வேண்டும். அது நார்த்துக்கும் ஸாரெட்டுக்கும் உரிய வெற்றி. மீதி மூன்றிலும் முதல் பங்கு பாபி ஹாட்ஃபீல்டுக்கு.