ஏழையின் பல்லும் பாதரசமும்

சூத்தைப் பல்லில் விழுந்த குழியை அடைப்பது பல் வைத்தியருக்கு அன்றாட வேலை. அந்தச் சிறு வேலைக்குப் பின்னால் பணமும் தொழிற்போட்டியும் கலந்த ஒரு நீண்ட சச்சரவு உண்டு என்பதைப் பலர் அறியமாட்டார்கள். குழியை எந்தப் பொருளால் அடைப்பது என்ற கேள்வி, பத்தொன்பதாம் நூற்றாண்டின் அமெரிக்காவில் பல் வைத்தியர்களின் தேசிய சங்கம் ஒன்றையே சிதைத்தது. அக்கேள்வி இன்றும் முற்றாகத் தீர்ந்துவிடவில்லை.

குழியை அடைக்கும் எண்ணம் மிகப் பழையது. ஸ்லொவேனியாவின் லொஞ்சே என்ற இடத்துக் குகையில் கிடைத்த ஏறத்தாழ 6500 ஆண்டுகள் பழைமையான தாடை எலும்பொன்றில், வெடித்த பல்லின் மேல் தேன்மெழுகு பூசப்பட்டிருந்ததை 2012இல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். அது அம்மனிதன் உயிரோடிருந்தபோது பூசப்பட்டதா, இறந்தபின் பூசப்பட்டதா என்பதை அவர்களால் உறுதியாகக் கூற முடியவில்லை. வலிக்கும் பல்லை மூடிவிட வேண்டும் என்ற ஆசை மனிதனுக்கு நெடுங்காலமாகவே இருந்திருக்கிறது என்று கொள்வதில் தவறில்லை.

பிற்கால ஐரோப்பாவில் வசதி படைத்தோர் பொற்தகட்டால் பல்லை அடைத்தார்கள். மற்றவர்களுக்கு ஈயமும் வெள்ளீயமும் இருந்தன. பல்லடைப்பதைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லே ஈயத்தின் பெயரிலிருந்து பிறந்ததுதான். ஈயத்தோடு எனக்கும் பழக்கம் உண்டு. ஈய எழுத்துகளால் பத்திரிகை அச்சான காலத்தில் தொழில் பழகியவன் நான். உருக்கிய ஈயம் அச்சில் ஆறும்போது சுருங்கிவிடும். அதனால் எழுத்தின் முனை கெடாதிருக்க அதில் அன்ரிமனி கலப்பார்கள் என்பதை அச்சுக்கூடத்து மூத்தவர்களிடமிருந்து அறிந்துகொண்டேன். உலோகம் இறுகும்போது சுருங்குகிறதா, விரிகிறதா என்பதே பல்லடைப்பின் வரலாற்றிலும் பெரிய சிக்கலாக இருந்தது.

பொன்னால் பல்லை அடைப்பது எளிதான காரியமன்று. மெல்லிய பொற்தகட்டைச் சிறிது சிறிதாகக் குழிக்குள் செலுத்தி, அழுத்தி அழுத்தி இறுக்க வேண்டும். 1846க்கு முன் மயக்க மருந்து பல் வைத்தியத்தில் நிலைபெறவில்லை. நோயாளி நீண்டநேரம் வலியைச் சகித்திருக்க வேண்டும். அதற்குப் பெரும் கட்டணமும் செலுத்த வேண்டும். பணமில்லாதவர்களுக்கு எஞ்சியிருந்த வழி பல்லைப் பிடுங்கிவிடுவதுதான்.

இந்நிலையில்தான் பரிஸ் நகரத்து ஒகுஸ்த் தவோ, 1826இல் வெள்ளி நாணயங்களை அராவி எடுத்த தூளைப் பாதரசத்தோடு பிசைந்து பல்லடைக்கும் பசையொன்றைப் பயன்படுத்தினார். அமல்கம் எனப்படும் இரசக்கலவை இதுவே. குழிக்குள் மென்மையாக வைத்தால் தானே இறுகிவிடும். விலையோ மிகக் குறைவு. 1833இல் குரோகர் சகோதரர்கள் இதனை நியூயோர்க்குக்குக் கொண்டுவந்து, அரச மரியாதை தொனிக்கும் ஒரு பெயரைச் சூட்டி விளம்பரம் செய்தார்கள். சூத்தையைச் சரியாக அகற்றாமலே குழியில் பசையைத் திணித்தார்கள். சில அடைப்புகள் கழன்று விழுந்தன. வேறு சில இறுகும்போது விரிந்து பல்லையே பிளந்தன. சகோதரர்கள் நாட்டைவிட்டு வெளியேறினார்கள். பசையின் பெயரும் கெட்டது.

1840இல் அமெரிக்கப் பல் சத்திரசிகிச்சையாளர் சங்கம் உருவானது. உலகின் முதலாவது பல் வைத்தியக் கல்லூரி பல்டிமோரில் தொடங்கியதும் அதே ஆண்டில்தான். தொழிலுக்கு ஒழுங்கும் கௌரவமும் தேடிய சங்கம், 1845இல் உறுப்பினர்கள் யாவரும் இரசக்கலவையைப் பயன்படுத்துவதில்லை என்று உறுதிமொழி எழுதிக் கையெழுத்திட வேண்டும் என்றது. மறுத்தவர்கள் விலக்கப்பட்டார்கள்.

இந்தத் தடையை எவ்வாறு மதிப்பிடுவது? பாதரசம் நஞ்சு என்ற அவர்களுடைய அச்சம் பொய்யன்று. அக்காலத்துப் பசை தரம் குறைந்ததென்பதும் உண்மை. ஆனால் பொன்னடைப்பில் தேர்ந்தவர்களின் வருமானத்துக்கு இம்மலிவுப் பசை போட்டியாக வந்தது என்பதையும் மறந்துவிட முடியாது. நோயாளியைக் காக்கும் கடமையும் தொழிலைக் காக்கும் நோக்கமும் ஒரே குரலில் பேசும்போது, எந்தக் குரல் எதனுடையது என்று பிரித்தறிவது கடினம். எனினும் பொன்னுக்குப் பணமில்லாதவர் பல்லை எதனால் அடைப்பது என்ற வினாவுக்குச் சங்கத்திடம் விடை இருக்கவில்லை. மக்கள் மலிவான அடைப்பைத் தேடினார்கள். வைத்தியர்கள் அதனைக் கொடுத்தார்கள். 1850இல் உறுதிமொழி கைவிடப்பட்டது. 1856இல் சங்கமே கலைந்துபோனது.

பசையின் குறையைத் தீர்த்தவர் இலினோய் மாநிலத்தைச் சேர்ந்த ஜீ. வி. பிளக். வெள்ளி மிகுந்தால் கலவை விரியும், வெள்ளீயம் மிகுந்தால் சுருங்கும் என்பதைத் தாமே அமைத்த கருவிகளால் அளந்து, இரண்டையும் சமப்படுத்தும் விகிதத்தை 1890களின் நடுப்பகுதியில் வெளியிட்டார். ஏச்சும் தடையும் செய்யாத வேலையைப் பொறுமையான அளவீடு செய்துமுடித்தது. அதன்பின் இரசக்கலவை உலகின் பொது அடைப்பாயிற்று.

எங்கள் பகுதிக்கும் இந்த வரலாற்றில் ஓரிடம் உண்டு. 1921இல் நியூசிலாந்தில் தோமஸ் ஹன்ரர் தொடங்கிய பாடசாலைப் பல் தாதியர் சேவை, இளம் பெண்களுக்கு இரண்டாண்டுப் பயிற்சி அளித்து, பிள்ளைகளின் பல்லை இலவசமாக அடைக்கும் பொறுப்பை ஒப்படைத்தது. அந்நாட்டுச் சிறுவர்கள் அந்தச் சிகிச்சை நிலையத்தைக் கொலைவீடு என்று அழைத்தார்கள் என்பது வேறு கதை. 1950களில் கொழும்புத் திட்டத்தின் கீழ் அந்நாட்டின் உதவியோடு மகரகமையில் பல் தாதியர் பயிற்சி நிலையம் அமைந்தது. இத்தகைய சேவைகள் நிலைத்ததற்கு இரசக்கலவையின் மலிவும் உறுதியும் முக்கிய காரணங்கள் என்பேன்.

பாதரசம் பற்றிய அச்சம் முற்றாக அகலவில்லை. ஆய்வுகூடத்தில் பாதரச ஆவியால் தாமே நோயுற்ற ஜேர்மன் இரசாயனவியலாளர் அல்பிரட் ஸ்ரொக், 1926இல் இரசக்கலவைக்கு எதிராக எச்சரித்தார். 2006இல் வெளியான இரு ஆய்வுகள் இதனை நேரடியாகச் சோதித்தன. அமெரிக்காவில் 534 பிள்ளைகளும் லிஸ்பன் நகரில் 507 பிள்ளைகளும் பல ஆண்டுகள் கவனிக்கப்பட்டார்கள். இரசக்கலவை அடைப்புப் பெற்றோருக்கும் மற்றோருக்கும் இடையே நரம்பு, அறிவாற்றல் சார்ந்த குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை.

ஆனால் தனிமனிதனின் வாய்க்கு வெளியேயும் பாதரசத்துக்கு ஒரு பயணம் உண்டு. சிகிச்சை நிலையத்தின் கழிவுநீரிலும், சுடலைப் புகையிலும் அது கலக்கிறது. மினமாற்றாவில் மீன் உண்ட மக்கள் அடைந்த கொடுமையின் நினைவாகப் பெயரிடப்பட்ட உடன்படிக்கை 2013இல் கையெழுத்தாகி, 2017இல் நடைமுறைக்கு வந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜனவரி முதல், தவிர்க்கவியலாத மருத்துவத் தேவைகள் தவிர, இரசக்கலவையை நிறுத்தியது. 2025 நவம்பரில் ஜெனீவாவில் கூடிய உடன்படிக்கை நாடுகள் 2034ஆம் ஆண்டுக்குள் இதற்கு முடிவுகட்ட இணங்கின.

இது நியாயமான முடிவென்றே நான் கருதுகிறேன். ஆயினும் 1845இன் பாடம் மறக்கப்படலாகாது. நிரந்தரப் பற்களில் சிகிச்சை பெறாத சூத்தையோடு வாழ்வோர் ஏறத்தாழ 200 கோடிப் பேர் என்று உலக சுகாதார நிறுவனம் 2022இல் மதிப்பிட்டது. பல்நிறப் பிசின் அடைப்பு அழகானது. ஆனால் அதற்குக் கூடிய செலவும் உலர்ந்த பல்லும் ஒளி பாய்ச்சும் கருவியும் தேவை. நம்பிக்கை தரும் இன்னொரு வழியும் உண்டு. 1972இல் லண்டனில் வில்சன், கென்ற் ஆகியோர் அறிமுகப்படுத்திய கண்ணாடி அயனோமர் சீமெந்து பல்லோடு தானே ஒட்டிக்கொள்ளும். 1980களில் தன்சானியாவில் யோ ஃபிரென்கன் முதலானோர், மின்சாரமும் துளைகருவியும் இன்றிக் கைக்கருவியால் சூத்தையைச் சுரண்டி எடுத்து அடைக்கும் முறையை உருவாக்கினார்கள். பிற்காலத்தில் அம்முறைக்கு இந்தச் சீமெந்தே பொருத்தமானதாக அமைந்தது. கடைவாய்ப் பல்லின் பெரிய குழிகளில் அது இரசக்கலவையின் அளவுக்கு உழைப்பதில்லை என்பதே குறை.

ஒரு பொருளை விலக்குவதற்குச் சட்டம் போதும். அது செய்துவந்த தொண்டை ஈடுசெய்வதற்குப் பணமும், பயிற்சி பெற்ற கைகளும் வேண்டும். அவை கிராமத்துச் சிகிச்சை நிலையத்தைச் சென்றடையாவிட்டால், பாதரசம் போன இடத்தில் குறடுதான் வந்து நிற்கும்.