கடமையின் எல்லை: ஊவா மலைநாட்டு வரலாற்றில் ஆயுதப் பொறுப்புப் பற்றிய சில வழக்குகள்

அரசின் ஆயுதத்தைத் தாங்கிய ஒருவன் சுட்டதனால் ஓர் உயிர் பிரியும்போது, அச்செயல் யாருடையது என்னும் வினா எழுகின்றது. அது சுட்ட தனிமனிதனின் செயலா? அவன் வகிக்கும் பதவியின் செயலா? அவனை அவ்விடத்துக்கு அனுப்பிய அரசின் செயலா? கடமை நேரத்துக்குப் புறம்பே ஒரு காவலர் தம் துப்பாக்கியைப் பயன்படுத்தி, அதன் பொருட்டு நீதிமன்றில் நிறுத்தப்படும்பொழுது, உலகின் பல நாடுகளிலும் மக்கள் வாதிடுவது இவ்வினாவைப் பற்றியேயாகும். அவர் கடமையில் இருந்தாரா, இல்லையா என்பதை நிறுவுவதிலேயே வழக்கின் பெரும்பகுதி கழிந்துவிடுகின்றது.

இலங்கையின் மலைநாட்டு வரலாற்றை நோக்குமிடத்து, இவ்வினா பிறிதொரு வடிவத்தில் மீண்டும் மீண்டும் தலைதூக்கியிருப்பதைக் காணலாம். இங்கே எழுந்த வழக்குகளில் ஆயுதம் தாங்கியோர் பெரும்பாலும் கடமையிலேயே இருந்தனர். ஆகவே அக்கடமை எத்தகையது, அதன் எல்லை யாது, அதனை வரையறுப்போர் எவர் என்பனவே வாதத்துக்குரிய பொருளாயின. பதுளையையும் அதனைச் சூழ்ந்த ஊவாத் தோட்டங்களையும் மையமாகக் கொண்டு, 1940, 1971, 2000 ஆகிய ஆண்டுகளில் நிகழ்ந்தவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தோட்டமும் பொலிசும்

தோட்டம் என்பது வெறுமனே தேயிலை விளையும் நிலமன்று. அது தனக்கென எல்லையும் அதிகாரமும் கொண்டதோர் ஆட்சிப் பிரிவாகவே நீண்டகாலம் இயங்கியது. துரை, கணக்கப்பிள்ளை, கங்காணி என்னும் படிநிலையின் அடித்தளத்திலே தொழிலாளர் இருந்தனர். லயங்களும் அவற்றுக்குச் செல்லும் பாதைகளும் தனியார் உடைமையாகக் கருதப்பட்டமையால், தொழிற்சங்க அமைப்பாளர் ஒருவர் தொழிலாளரைக் காண உட்சென்றாலே அத்துமீறிப் புகுந்தவராகக் கொள்ளப்பட்டார். 1935 ஆம் ஆண்டில் தொழிற்சங்கச் சட்டம் நிறைவேறிய பின்னரும் இந்நிலை உடனே மாறிவிடவில்லை. இத்தகைய சூழலிலே தோட்டத்துக்கு அழைக்கப்படும் பொலிசார் பொது அமைதியின் காவலராக அன்றி, துரையின் எல்லையைக் காக்க வந்தவராகவே தொழிலாளர் கண்ணுக்குத் தோன்றியமை வியப்பன்று.

டொனமூர் அரசியலமைப்பு 1931 இல் நடைமுறைக்கு வந்தபோது, உள்நாட்டு விவகாரம் ஒரு நிர்வாகக் குழுவின் பொறுப்பில் விடப்பட்டது. அக்குழுவின் தலைவரே அமைச்சர். பொலிஸ் திணைக்களமும் அதன்கீழ் வந்தது. ஆயினும் சட்டத்துறை அமைச்சரிடம் ஒப்படைக்கப்படாது, தேசாதிபதியால் நியமிக்கப்பட்ட சட்டக் காரியதரிசியிடமே இருந்தது. பொலிசாரை நடத்துவது மக்கள் பிரதிநிதியா, தேசாதிபதியா என்பது தெளிவுறாமலே விடப்பட்டதெனலாம். 1937 இல் பிரேஸ்கேர்டில் என்னும் அவுஸ்திரேலிய இளைஞர் தோட்டத் தொழிலாளர் சார்பாகப் பேசியமைக்காக நாடு கடத்தப்பட உத்தரவிடப்பட்ட வேளையில், இத்தெளிவின்மை முதன்முறையாக வெளிப்பட்டது. உள்நாட்டு அமைச்சர் சேர் பாரன் ஜயதிலகவைக் கலந்தே செயற்பட்டதாகப் பொலிஸ் மா அதிபர் பாங்ஸ் கூறினார். அமைச்சர் அதனை மறுத்தார். நீதிமன்று அந்த இளைஞரை விடுவித்தது. ஆனால் இருவர்க்கும் இடையே எழுந்த பிணக்கோ தீர்க்கப்படாமலே எஞ்சியது.

முல்லோயாவும் கோவிந்தனும்

இரண்டாம் உலகப் போர் தொடங்கியதும் பண்டங்களின் விலை ஏறியது. தோட்டக் கூலியோ அதற்கேற்ப உயரவில்லை. 1939 இன் இறுதியிலும் 1940 இன் தொடக்கத்திலும் மலைநாடெங்கும் வேலைநிறுத்தங்கள் பரவின. ஹேவாஹெட்டப் பகுதியிலுள்ள முல்லோயாத் தோட்டத்தில், சமசமாஜக் கட்சியைச் சார்ந்த தொழிற்சங்கத்தின் தலைமையில் நிகழ்ந்த வேலைநிறுத்தத்தின்போது, 1940 ஜனவரியில் பொலிசார் சுட்டதில் கோவிந்தன் என்னும் தொழிலாளி உயிரிழந்தார். மலையகத் தொழிலாளர் இயக்கத்தின் முதல் தியாகி என அவர் பின்னாளில் போற்றப்பட்டார்.

பொதுமக்களின் கண்டனம் வலுத்ததால் விசாரணை ஆணைக்குழு ஒன்று நியமிக்கப்பட்டது. கோவிந்தனின் விதவை மனைவி சார்பில் கொல்வின் ஆர். டி சில்வா அதன்முன் தோன்றி, பொலிசாருக்கும் தோட்ட நிர்வாகத்துக்கும் இடையிலான நெருக்கத்தை அம்பலப்படுத்தினார். ஒரு தோட்டத் தொழிலாளியின் மனைவி தன் கணவனின் சாவுக்கு விளக்கம் கேட்டு, வழக்கறிஞர் ஒருவர் வாயிலாக அரசின் முன்னே நின்ற அந்நிகழ்ச்சி தனித்து நோக்கத்தக்கது. அதுவரை தோட்டத்துக்குள்ளேயே புதைந்துபோகக்கூடியதாயிருந்த ஒரு சாவு, நாட்டின் பொதுவிவகாரமாக உயர்ந்தது.

இதன்பின் நிகழ்ந்தது மேலும் சிந்தனைக்குரியது. ஆணைக்குழுவின் விசாரணை முடியும்வரை முல்லோயாத் தொழிலாளருக்கு எதிரான வழக்குகளை ஒத்திவைக்கும்படி பொலிசாரைக் கேட்குமாறு ஜயதிலக பணித்தார். பாங்ஸ் அதற்கு இணங்கவில்லை. தேசாதிபதி சேர் அன்ட்ரூ கல்டெகொட் பொலிஸ் மா அதிபரின் பக்கம் நின்றார். அமைச்சர்கள் ஒருமித்துப் பதவி துறந்தனர். சில வாரங்களில் இணக்கம் காணப்பட்டு மீண்டும் பதவியேற்றனர்.

இப்பதவி துறப்பு அரசியலமைப்பு வரலாற்று நூல்களிலே தவறாது இடம்பெறுகின்றது. தேசாதிபதியின் அதிகாரத்துக்கும் அமைச்சரின் அதிகாரத்துக்கும் இடையிலான மோதலுக்கு அது சிறந்த எடுத்துக்காட்டாகக் காட்டப்படுகின்றது. ஆனால் அம்மோதலுக்கு வித்திட்டவன் யார் என்பது அந்நூல்கள் பலவற்றில் ஓர் அடைமொழிக்குள் அடங்கிவிடுகின்றது. ‘முல்லோயாச் சம்பவம்’ என்னும் தொடரில் தோட்டத்தின் பெயர் உண்டு; மாண்டவனின் பெயர் இல்லை. பொலிசாருக்கு ஆணையிடும் உரிமை எவர்க்கு என்ற வாதம் மேலோங்கவே, ஒரு தொழிலாளி ஏன் சுடப்பட்டான் என்ற வாதம் பின்தள்ளப்பட்டது. ஒரு சாவைப் பற்றிய பொதுவிவாதம் எவ்வாறு அதிகாரம் உடையோரின் விவாதமாக உருமாறுகின்றது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று தேடவேண்டியதில்லை.

ஊவாவில் எழுந்த அலை

கோவிந்தனின் சாவு தொழிலாளரை அடக்கிவிடவில்லை. வேலைநிறுத்த அலை தெற்கு நோக்கி நகர்ந்து ஊவாவை அடைந்தது. எட்மண்ட் சமரக்கொடி, வில்லி ஜயதிலக, வி. சிற்றம்பலம் ஆகியோர் இங்கே முன்னின்று உழைத்தனர். சமசமாஜக் கட்சியின் வரலாற்றை எழுதிய லெஸ்லி குணவர்த்தன தரும் செய்திகள் ஈண்டு மனங்கொள்ளத்தக்கவை. பதுளை நீதவான் கூட்டங்களுக்குத் தடை விதித்தார். மே 12 ஆம் நாள் என். எம். பெரேரா அத்தடையை மீறிப் பதுளையிலே பெருந்திரளான மக்கள்முன் உரையாற்றினார். பொலிசார் செயலற்று நின்றனர். வேவெஸ்ஸத் தோட்டத்திலே தொழிலாளர் தம்முள் ஒரு சபையைத் தெரிந்தெடுத்தனர். அச்சபையைக் கலந்து நடக்கத் துரையும் உடன்பட்டார். ஒழுங்கை நிலைநாட்டச் சென்ற ஆயுதப் பொலிசாரின் ஆயுதங்களைத் தொழிலாளர் பறித்தனர்.

இறுதியாகக் குறிப்பிட்ட இச்செயலைச் சட்டத்தின் நோக்கில் மட்டும் மதிப்பிட்டால் அது குற்றமே. ஆயின் சில மாதங்களுக்கு முன்னர்தான் மலையின் மறுபுறத்தில் ஒரு தொழிலாளி சுடப்பட்டிருந்தான் என்பதை நினைவிற் கொண்டால் அதன் பொருள் வேறாகின்றது. ஆயுதத்தைப் பறித்தோர் அதனைக் கொண்டு எவரையும் கொன்றனர் என்ற செய்தி அவ்வரலாற்றில் இல்லை. தம்மீது நீட்டப்படும் துப்பாக்கிக்கு விளக்கம் சொல்வோர் எவருமில்லை என்று கண்டவர்கள், அத்துப்பாக்கியையே அகற்ற முனைந்தனர் எனக் கொள்வது பொருந்தும்.

அலை நெடுநாள் நீடிக்கவில்லை. பொலிஸ் அடக்குமுறை ஒருபுறமும், ஊவாவை ஒரு வாரத்துக்கும் மேலாகத் துண்டித்த வெள்ளம் மறுபுறமும் அதனை முறியடித்தன. ஜூன் மாதத்தில் என். எம். பெரேரா, பிலிப் குணவர்த்தன, கொல்வின் ஆர். டி சில்வா, எட்மண்ட் சமரக்கொடி ஆகியோர் சிறையிடப்பட்டனர். முல்லோயாவில் விதவைக்காக வாதிட்டவரே அவ்வாண்டின் நடுப்பகுதியில் கைதியானார் என்பது காலத்தின் முரண்.

வாக்குரிமையும் விவாதமும்

கோவிந்தனின் சாவு அமைச்சரவையையே அசைத்தமைக்கு ஒரு காரணம், அக்காலத்தில் தோட்டத் தொழிலாளர் பலர் வாக்காளராயிருந்தமை எனலாம். டொனமூர் திட்டத்தின்கீழ், கட்டுப்பாடுகள் பல இருந்தபோதிலும், அவர்களுட் பலர் வாக்களித்தனர். 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டமும் அதனையடுத்து வந்த தேர்தற் சட்டத் திருத்தமும் அந்நிலையை அடியோடு மாற்றின. 1952 தேர்தலில் மலைநாட்டுத் தொழிலாளரின் பிரதிநிதிகள் நாடாளுமன்றத்துக்குத் தெரிவாகவில்லை. வாக்கில்லாத மக்களின் சாவைப் பற்றி அவையிலே வினா எழுப்ப அவர்தம் பிரதிநிதி எவரும் இல்லை. 1977 மே மாதத்தில் டெவன் தோட்டத்தில், காணிகள் பறிபோவதை எதிர்த்து நின்ற சிவனு லெட்சுமணன் பொலிசாரால் சுட்டுக் கொல்லப்பட்டபோது மலைநாடு துயருற்றது. ஆனால் அச்சாவுக்காக அமைச்சரவை பதவி துறக்கவில்லை.

கதிர்காமத்துத் தீர்ப்பு

ஊவா மாகாணத்தின் தென்கோடியிலுள்ள கதிர்காமத்தில், 1971 ஏப்ரல் கிளர்ச்சியின்போது பிரேமவதி மனம்பேரி என்னும் சிங்கள இளம்பெண் இராணுவத்தினரால் கொடுமைப்படுத்தப்பட்டுச் சுடப்பட்டு இறந்தார். இராணுவ அதிகாரி ஒருவரும் போர்வீரர் ஒருவரும் சாதாரண நீதிமன்றிலே விசாரிக்கப்பட்டுத் தண்டனை பெற்றனர். மேலிடத்துக் கட்டளைப்படியே நடந்ததாக முன்வைக்கப்பட்ட வாதத்தை 1973 இல் மேன்முறையீட்டு மன்றும் ஏற்கவில்லை. வெளிப்படையாகவே சட்டவிரோதமான கட்டளை எவரையும் காப்பாற்றாது என்னும் நெறி அதனால் உறுதிபெற்றது. கடமை என்ற சொல்லுக்கு ஓர் எல்லை உண்டு என நீதிமன்று ஐயமற அறிவித்த நிகழ்ச்சி இது. அவ்வெல்லை கதிர்காமத்தில் வரையப்பட்டது ஒரு சிங்களப் பெண்ணுக்காக எனினும், அதன் பயன் அனைவர்க்கும் உரியதாதல் வேண்டும்.

பிந்துனுவெவ: செய்யாமையின் குற்றம்

2000 ஒக்டோபர் 25 ஆம் நாள் காலை, பண்டாரவளைக்கு அண்மையிலுள்ள பிந்துனுவெவப் புனர்வாழ்வு நிலையத்துக்குள் பெருங்கூட்டம் ஒன்று புகுந்தது. அங்கே தடுத்து வைக்கப்பட்டிருந்த தமிழ் இளைஞருள் இருபத்தைந்துக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். ஆயுதம் தாங்கிய பொலிசார் பலர் அவ்விடத்தில் நின்றிருந்தனர். கொலையைத் தடுக்க அவர்கள் முயலாமையே நாட்டையும் உலகையும் அதிரச் செய்தது. மலைநாட்டின் பல நகரங்களில் கடையடைப்பும் பதற்றமும் தொடர்ந்தன.

முல்லோயாவில் சுட்டமை பற்றி வினா எழுந்தது. பிந்துனுவெவவில் ஆயுதமிருந்தும் காக்காமை பற்றி எழுந்தது. 1883 ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக் கோவை, செயலைக் குறிக்கும் சொற்கள் சட்டவிரோதமான செயலின்மையையும் குறிக்கும் எனக் கூறுகின்றது. இவ்விதியே வழக்கின் அச்சாணியாயிற்று. நீதியரசர் குலதிலக தலைமையில் ஆணைக்குழு ஒன்று விசாரித்தது. நாற்பத்தொருவர் மீது குற்றம் சுமத்தப்பட்டது. மூன்று நீதிபதிகள் கொண்ட விசேட மேல் நீதிமன்று 2003 ஜூலையில் ஐவர்க்கு மரணதண்டனை விதித்தது. அவருள் இருவர் பொலிஸ் அதிகாரிகள். 2005 மே மாதத்து உயர் நீதிமன்றத் தீர்ப்புடன் தண்டனை பெற்றோர் எவரும் எஞ்சவில்லை, அனைவரும் விடுவிக்கப்பட்டனர்.

இத்தீர்ப்புப் பற்றி இருவகையான கருத்துகள் நிலவின. ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்படாத குற்றத்துக்காக எவரையும், அவர் பொலிசாராயினும், தூக்குமேடைக்கு அனுப்பலாகாது என்பது ஒன்று. இது சட்டத்தின் அடிப்படை நெறி, புறக்கணிக்க இயலாதது. காவலில் இருந்தோர் காவலர் கண்முன்னே கொல்லப்பட, அதற்கு ஒருவரும் பொறுப்பில்லை என முடிவது நீதியின் தோல்வியே என்பது மற்றையது. இவ்விரண்டும் ஒன்றையொன்று மறுப்பனவாகத் தோன்றினும் உண்மையில் வேறுவேறு வினாக்களுக்கு விடை கூறுகின்றன. தனிமனிதனின் குற்றத்தை அளப்பது நீதிமன்றின் பணி. நிறுவனத்தின் தவறை அளப்பதற்கும், மாண்டோரின் குடும்பத்துக்கு விளக்கம் அளிப்பதற்கும் வேறு வழிகள் தேவை. ஆணைக்குழுவின் பயன் அங்கேயே இருந்திருக்க வேண்டும். குற்ற வழக்கொன்றே எல்லாச் சுமையையும் தாங்க வேண்டியதாகும்போது, விடுதலைத் தீர்ப்பு நிறுவனத்துக்கும் விடுதலையாக அமைந்துவிடுகின்றது.

முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்துச் சில முடிவுகள் பெறப்படுகின்றன. ஆயுதம் தாங்கியவன் கடமையில் இருந்தான் என்பது விசாரணையின் தொடக்கமேயன்றி அதன் முடிவாகாது. கதிர்காமத்து வழக்கு அதனை உணர்த்தியது. பாதிக்கப்பட்டோர்க்கு மன்றின் முன்னும் அவையின் முன்னும் குரல் இருந்தாலன்றி, பொதுவிவாதம் வலியோரின் விவாதமாகவே முடியும். முல்லோயாவும், வாக்குரிமை இழந்த காலமும் இதற்குச் சான்று. தனிமனிதனின் குற்றத்தையும் நிறுவனத்தின் பொறுப்பையும் வேறுபிரித்து ஆராயாதவிடத்து இரண்டும் தப்பிவிடும் என்பதைப் பிந்துனுவெவ காட்டுகின்றது.

வரலாற்று மாணவர்க்கு உரிய கடமையும் ஒன்றுண்டு. அமைச்சர்களின் பதவி துறப்பையும் நீதிமன்றுகளின் தீர்ப்பையும் பதிவுசெய்த ஆவணங்கள் பேணப்பட்டுள்ளன. அவற்றுக்குக் காரணமானோரின் வாழ்வு அவ்வாறு பேணப்படவில்லை. கோவிந்தன் என்ற ஒற்றைப் பெயர்க்கு அப்பால், அவன் எவ்வூரிலிருந்து வந்த குடும்பத்தின் மகன், என்ன கூலி பெற்றான், அவன் மனைவி பின்னர் எவ்வாறு வாழ்ந்தாள் என்பனவற்றை முல்லோயாவிலும் ஊவாத் தோட்டங்களிலும் இன்னும் எஞ்சியுள்ள முதியோரின் வாய்மொழியிலிருந்தும், தோட்டப் பதிவேடுகளிலிருந்தும் தேடித் தொகுத்தல் வேண்டும். அப்பணி நிறைவேறும்வரை மலைநாட்டின் வரலாறு ஆட்சியாளரின் பிணக்குகளின் வரலாறாகவே எஞ்சியிருக்கும்.