பயத்துக்குப் பேர் இல்லை: கண்டித் தோட்டங்களில் மனவடுவும் நாட்சம்பளமும்

கண்டியைச் சூழ்ந்த தெல்தோட்டை, கலஹா, ஹந்தானை மலைகளில் கொழுந்து பறிப்பவர்களுக்கு ஆபத்து புதிதல்ல. குளவிக்கூடு கலையும், அடைமழையில் மண் சரியும். காயம்பட்டவர் தோட்ட மருந்தகத்துக்கும், தேவையானால் பேராதனை அல்லது கண்டி வைத்தியசாலைக்கும் கொண்டு செல்லப்படுகிறார். உயிர் தப்பியவர் மீண்டும் மலையேறும்போது அவருக்கு வரும் நடுக்கமோ எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. கூலி குறையாத சில நாள் ஓய்வும், அதன்பின் வேறு மலையில் வேலையுமே அவருக்குச் செய்ய வேண்டிய முதல் உளவியல் உதவி என்பது என் வாதம். உளவளத்துணை அதற்கு அடுத்த படி.

தோட்டக் கணக்கு ‘பேர்’ என்ற ஒன்றில் நிற்கிறது. காலையில் பிரட்டுக்கு, அதாவது பேர் பதியும் இடத்துக்குப் போய், குறித்த கிலோவைப் பறித்தால் முழுப்பேர். குறைந்தால் பல தோட்டங்களில் அரைப்பேர். போகாத நாளுக்கு ஒன்றுமில்லை. 2026ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டம் நாட்சம்பளத்தை 1,750 ரூபாயாக்குவதாக அறிவித்தது. அதில் 200 ரூபாய் வருகைக்கான ஊக்கத்தொகை. உயர்வு நியாயமானது, காலம் தாழ்ந்தே வந்தது. ஆயினும் பயத்தால் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசைக் குடியிருப்பில், இருந்துவிட்ட பெண் அன்றைய பேரையும் ஊக்கத்தொகையையும் சேர்த்தே இழக்கிறாள். ஆகவே கூடு கலைந்த அதே நிரைக்குத் திரும்பிப் போகிறாள்.

ஒரு நாள் உளவளத்துணை முகாம் கிடைக்காத இந்த ஓய்வை ஈடுசெய்யுமா? அனுபவித்த கொடுமையை உடனே ஒரே அமர்வில் பேசவைக்கும் முறையை ஜெஃப்ரி மிட்செல் 1983இல் அவசர சேவையாளர்களுக்காக முன்வைத்தார். அது உலகெங்கும் பரவியது. மருத்துவச் சான்றுகளைத் தொகுத்து 2002இல் வெளியான காக்ரேன் மீளாய்வோ, ஒற்றை அமர்வு மனவடுவைத் தடுப்பதற்குச் சான்றில்லை என்றது. சிலருக்குத் தீங்காகலாம் என்றும் எச்சரித்தது. உலக சுகாதார தாபனத்தின் 2011ஆம் ஆண்டு உளவியல் முதலுதவிக் கையேடு பாதுகாப்பையும் அடிப்படைத் தேவைகளையும் முன்னிறுத்துகிறது. பேசுமாறு வற்புறுத்தக் கூடாது என்கிறது. கொழுந்து பறிப்பவருக்குப் பாதுகாப்பு என்றால் குளவிக்கூடு அகற்றப்பட்ட மலை. அடிப்படைத் தேவை என்றால் வெட்டப்படாத சம்பளம்.

மனவடு மேற்கத்தேய நோய்ப்பெயர், நம்மவருக்குப் பொருந்தாது என்ற மறுப்பை எளிதில் தள்ளிவிட முடியாது. ஆழிப்பேரலைக்குப் பின் இலங்கையில் ஆய்வு செய்த உளவியலாளர் காயத்ரி பெர்னாண்டோ, இங்குள்ளோர் துயரத்தை உடல்வலியாகவும் குடும்பத்திலும் சமூகத்திலும் தம் இடத்தை இழந்ததாகவும் சொல்வதைக் கவனித்தார். உளமருத்துவர் தயா சோமசுந்தரம் வடபகுதியின் போர் அனுபவத்திலிருந்து கூட்டு மனவடு பற்றி எழுதினார். இரண்டும் என் வாதத்துக்கே வலுச் சேர்க்கின்றன. தோட்டத்தில் ஒரே நிரையில் நிற்பவர்கள் ஒரே லயத்தில் வாழ்பவர்கள். ஒருத்தியின் பயம் அத்தனை பேருக்கும் தெரியும். துணை அங்கேதான் இருக்கிறது. அவளோடு இருக்க அவர்களுக்கும் நேரம் வேண்டும்.

2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா புயல், பாதுகாப்பே முதல் தேவை என்பதைக் கொடூரமாகக் காட்டியது. நாடெங்கும் 600க்கும் மேற்பட்டோர் மாண்டனர். மாவட்டங்களுள் கண்டியே அதிக உயிர்களைப் பறிகொடுத்தது. நகர ஊழியர் விபத்து நடந்த இடத்தை விட்டு வீட்டுக்குப் போகலாம். தோட்டத் தொழிலாளிக்கு வீடும் வேலைத்தளமும் ஒரே சரிவில். லயம் அவருக்குச் சொந்தமுமல்ல. பாதுகாப்பான காணியில் வீடு தராமல் அவரிடம் மன அமைதி பற்றிப் பேசுவது வெறும் பேச்சு.

சட்டமும் பின்தங்கியே நிற்கிறது. 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் உறுப்பிழப்பையும் உயிரிழப்பையும் மனதில் வைத்து எழுதப்பட்டது. சர்வதேச தொழில் தாபனமோ 2010இல் திருத்திய தொழில்சார் நோய்களின் பட்டியலில் மனவடு நோயைச் சேர்த்துவிட்டது. பொய் சொல்லி விடுப்பு எடுப்பார்கள் என்பது நிர்வாகங்களின் அச்சமாக இருக்கலாம். ஆனால் குளவிக்கொட்டும் மண்சரிவும் எல்லோர் கண்முன்னும் நடப்பவை. அன்று எந்த மலையில் யார் நின்றார் என்பது செக்ரோல் எனும் பேர்ப் பதிவேட்டிலேயே இருக்கிறது. மலையகத் தொழிற்சங்கங்கள் அடுத்த சம்பளப் பேச்சில் இந்தச் சம்பளத்துடன் கூடிய விடுப்பையும், தமிழில் பேசும் உளவளத்துணையாளர்களையும் எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும்.