பதினாலு நாள் கணக்கு

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

போன வாரம் இங்கிலாந்தில் இருக்கும் என் மகள் போன் செய்தாள். குரலே சரியில்லை. "அப்பா, நைட் ஷிஃப்ட் முடிஞ்சு வர்றப்ப 30 மைல் ரோட்டுல கொஞ்சம் வேகமா வந்துட்டேன் போலிருக்கு. பின்னாடி கேமரா பளிச்சு பளிச்சுன்னு ரெண்டு தடவை அடிச்சுது" என்றாள். 30 மைல் என்றால் நம் கணக்கில் மணிக்கு 48 கிலோமீட்டர். அங்கே வேகத்துக்கு வழக்கு வருமா என்பதை முதலில் ஒரு கடிதம்தான் சொல்லும். கூட வேலை பார்ப்பவர்கள், "பதினாலு நாளைக்குள் கடிதம் வரவில்லையா, நீ தப்பித்தாய்" என்று சொல்லியிருக்கிறார்கள். அவள் இருக்கும் அடுக்குமாடியில் எல்லோர் கடிதமும் கீழ்த்தளத்தில் ஒரே மேசையில் குவிந்து கிடக்குமாம். யார் கடிதம் யார் கையில் போகும் என்று தெரியாது. வந்தாலும் பயம், வராவிட்டாலும் பயம் என்று நாளை எண்ணிக்கொண்டிருக்கிறாள்.

இங்கிருந்து நான் என்ன செய்ய முடியும்? இத்தனை வருஷம் பிள்ளைகளுக்கு வரலாறு சொல்லிக்கொடுத்தவன். இந்தப் பதினாலு எங்கிருந்து வந்தது என்று தேட ஆரம்பித்தேன்.

மோட்டார் கார் வருவதற்கு முன்பே இங்கிலாந்தில் வேகக் கட்டுப்பாடு இருந்தது. நீராவி வண்டிகளுக்காக 1865-ல் போட்ட சட்டம் அது. ஊருக்கு வெளியே மணிக்கு 4 மைல், ஊருக்குள் 2 மைல். வண்டிக்கு முன்னால் ஒரு ஆள் சிவப்புக் கொடியோடு நடக்க வேண்டும். (கொடி கட்டாயமில்லை என்று பின்னால் தளர்த்தினார்கள். நடக்கும் ஆளை மட்டும் விடவில்லை.) 1896 ஜனவரி 28-ல் கென்ட் மாவட்டத்தில் பேடாக் வுட் என்ற ஊரில் வால்டர் ஆர்னால்ட் என்பவர் மணிக்கு 8 மைல் வேகத்தில் கார் ஓட்டிப் போனார். போலீஸ்காரர் சைக்கிளில் ஏறி சுமார் 5 மைல் துரத்திப் பிடித்தார். வேகமாகப் போனதற்கு அபராதம் 1 ஷில்லிங். அதே வருஷக் கடைசியில் புதுச் சட்டம் வந்து, வேக வரம்பும் கூடியது, முன்னால் நடக்கும் ஆளும் போனார்.

ஆர்னால்டுக்குக் கடிதம் தேவைப்படவில்லை. பிடித்த போலீஸ்காரர் நேருக்கு நேர் நின்றார். தபாலுக்கு வேலை வந்தது 1903 மோட்டார் கார் சட்டத்துக்குப் பிறகுதான். அந்தச் சட்டம் மூன்று காரியம் செய்தது. வரம்பை 20 மைல் ஆக்கியது, ஒவ்வொரு காருக்கும் பதிவு எண் கொடுத்தது, வேகத்துக்கு முதல் தடவை 10 பவுண்டு வரை அபராதம் வைத்தது. எண் பலகை வந்ததும் வண்டியை நிறுத்தாமலே எண்ணைக் குறித்துக்கொண்டு, சொந்தக்காரர் யார் என்று பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று ஆகிவிட்டது. போலீஸார் வேலி ஓரத்தில் மறைந்து, ஸ்டாப் வாட்சை வைத்து, குறிப்பிட்ட தூரத்தை வண்டி கடக்கும் நேரத்தை அளந்தார்கள். காரர்களும் சும்மா இருக்கவில்லை. 1905-ல் ஆட்டோமொபைல் அசோசியேஷன் என்று சங்கம் வைத்து, சைக்கிளில் ஆட்களைச் சாலையில் நிறுத்தினார்கள். சங்க உறுப்பினரின் காரைப் பார்த்தால் அந்த ஆள் சல்யூட் அடிக்க வேண்டும். சல்யூட் அடிக்காமல் நின்றால் முன்னால் போலீஸ் மறைந்திருக்கிறது என்று பொருள். எச்சரித்தால்தானே குற்றம், மரியாதை செய்யாமல் இருப்பது குற்றமா? நம் ஊரில் எதிரே வரும் லாரிக்காரர் ஹெட்லைட்டை அணைத்து அணைத்துப் போடுவார் பாருங்கள், அதற்கு இதுதான் தாத்தா.

ஆனால் அந்த 1903 சட்டத்தில் ஒரு நியாயமும் இருந்தது. வேகக் குற்றம் செய்தவரை அந்த இடத்திலேயே எச்சரித்திருக்க வேண்டும். இல்லாவிட்டால், வழக்குப் போடப்போகிறோம் என்ற அறிவிப்பை அவருக்கோ வண்டியின் சொந்தக்காரருக்கோ 21 நாளைத் தாண்டாமல் அனுப்ப வேண்டும். மூன்று மாதம் கழித்து, "அன்றைக்கு அந்த வளைவில் எத்தனை மைலில் போனாய்?" என்று கேட்டால் யாருக்கு ஞாபகம் இருக்கும்? ஞாபகம் மங்குவதற்குள் சொல்லிவிடு என்பதுதான் இதன் உயிர். 1930 சாலைப் போக்குவரத்துச் சட்டம் அந்த 21-ஐ 14 ஆக்கியது. என் மகள் எண்ணும் பதினாலு அதுதான். வேடிக்கை என்னவென்றால், அதே 1930 சட்டம் கார்களுக்கு இருந்த பொது வேக வரம்பையே எடுத்துவிட்டது. சாலைச் சாவுகள் அதிகமானதால், வீடுகள் நிறைந்த இடங்களில் 30 மைல் என்று 1935 மார்ச்சில் திரும்பக் கொண்டுவந்தார்கள். அவள் மாட்டிக்கொண்ட 30-ம் 14-ம் ஏறக்குறைய ஒரு வயசுக்காரர்கள்.

இனி தபாலுக்கு வருவோம். கடிதம் போய்ச் சேர்ந்ததா என்பதை யார் நிரூபிப்பது? இதற்கு விடை 1889-ல் வந்த, சட்டச் சொற்களுக்குப் பொருள் சொல்லும் ஒரு சட்டத்தில் இருக்கிறது. சரியான விலாசம் எழுதி, தபால் கட்டணம் கட்டிப் பெட்டியில் போட்டால், வழக்கமாகத் தபால் போய்ச் சேரும் நேரத்தில் அது சேர்ந்துவிட்டதாகவே கொள்ள வேண்டும். சேரவில்லை என்று யாராவது நிரூபிக்கும் வரைக்கும் அப்படித்தான். அந்தக் காலத்தில் லண்டன் நடுப்பகுதியில் ஒரே நாளில் பன்னிரண்டு தடவை வரை தபால் கொடுத்தார்கள். காலையில் எழுதினால் மாலைக்குள் பதிலே வந்துவிடும். அப்படிப்பட்ட தபாலை நம்பி எழுதிய வரி அது. 1978-ல் புதிதாக எழுதியபோதும் வார்த்தை பெரிதாக மாறவில்லை.

தபால் மாறிவிட்டது. ராயல் மெயில் 2013-ல் தனியார் கைக்குப் போனது. குறித்த நாளில் கடிதம் சேர்க்கவில்லை என்று கண்காணிப்பு அமைப்பான ஆஃப்காம் 2023-ல் 56 லட்சம் பவுண்டும், 2024-ல் 1 கோடியே 5 லட்சம் பவுண்டும் அதற்கு அபராதம் போட்டது. வேகமாகப் போனவருக்கு அனுப்பும் அபராதக் கடிதத்தைச் சுமக்கிறவருக்கே மெதுவாகப் போனதற்கு அபராதம்!

இந்த இரண்டும் மோதிய ஒரு வழக்கு 2009-ல் உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. ஹம்பர்சைடு போலீஸ் ஒரு வாகன ஓட்டிக்கு முதல் வகுப்புத் தபாலில் அறிவிப்பு அனுப்பியது. பதினாலு நாளுக்குள் சேர வேண்டியது, தபால் ஊழியர் வேலைநிறுத்தத்தால் பதினாறாம் நாள்தான் சேர்ந்தது. கீழ் நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்றது. உயர் நீதிமன்றம் அதை மாற்றியது. பதிவுத் தபால் என்றால் திரும்பி வந்தாலும் சேர்ந்ததாகவே சட்டம் கொள்ளும். சாதாரண முதல் வகுப்புத் தபாலுக்கு அந்தச் சலுகை இல்லை, தாமதம் என்று காட்டினால் அறிவிப்பு செல்லாது என்றது. 1994 வரை பதிவுத் தபாலில்தான் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். சாதாரணத் தபாலும் போதும் என்று அந்த வருஷம் சட்டத்தைத் திருத்தியதன் பலன் இது.

மகளுடைய தோழிகள் சொல்வது இதைத்தான். ஆனால் பாதிதான் சொல்கிறார்கள். அந்த மனிதர் வென்றது, கடிதம் தாமதமாகக் கையில் வந்ததால். கடிதம் வரவே இல்லை என்றால் கதை வேறு. அந்த உறையில், வண்டியை யார் ஓட்டியது என்று கேட்கும் படிவமும் இருக்கும். 28 நாளில் பதில் போட வேண்டும். பதில் இல்லையென்றால் அது தனிக் குற்றம். 1,000 பவுண்டு வரை அபராதம், உரிமத்தில் 6 புள்ளி. வேகத்துக்கு வழக்கமாக 100 பவுண்டும் 3 புள்ளியும்தான், சில சமயம் வகுப்பில் உட்கார்ந்தால் அதுவும் இல்லை. 2015-லிருந்து இப்படிப்பட்ட வழக்குகளை ஒரே ஒரு மாஜிஸ்திரேட், ஆளைக் கூப்பிடாமலே, காகிதத்தைப் பார்த்துத் தீர்க்கிறார். அந்த அழைப்பும் தபாலில்தான் வரும். எதுவும் தெரியாமலே குற்றவாளி ஆகிவிடலாம். தெரிந்த நாளிலிருந்து 21 நாளுக்குள் நீதிமன்றத்தில் சத்தியப் பிரமாணம் கொடுத்தால் வழக்கைத் திரும்ப முதலிலிருந்து நடத்துவார்கள். அந்த வாசல் ஒன்று இருக்கிறது என்று தெரிந்தவர்கள் எத்தனை பேர்?

என் மகளுக்கு அந்த ஊர் உரிமம் கிடைத்து ஒரு வருஷம்தான் ஆகிறது. முதல் இரண்டு வருஷத்துக்குள் 6 புள்ளி சேர்ந்தால் உரிமமே ரத்து, மறுபடி தேர்வு எழுதி, ஓட்டிக் காட்ட வேண்டும். வேகத்தின் 3 புள்ளியை அவள் தாங்கிவிடுவாள். காணாமல் போன கடிதத்தின் 6 புள்ளியைத் தாங்க முடியாது. இரவு ஷிஃப்டுக்கு அந்த ஊரில் பஸ் கிடையாது.

நமக்கு என்ன என்று கேட்பவர்களுக்கு ஒன்று. நம் மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 209-ஆம் பிரிவைப் பாருங்கள். வேகமாகவோ ஆபத்தாகவோ ஓட்டியதற்கு ஒருவரைத் தண்டிக்க வேண்டுமானால், அங்கேயே எச்சரித்திருக்க வேண்டும், அல்லது 14 நாளுக்குள் பதிவுத் தபாலில் அறிவிப்பு அனுப்பியிருக்க வேண்டும், அல்லது 28 நாளுக்குள் சம்மன் கொடுத்திருக்க வேண்டும். அதே 1930-ன் வாசனை! தபால் சேர்ந்ததாகக் கொள்ளும் விதியும் 1897 ஜெனரல் கிளாசஸ் சட்டத்தின் 27-ஆம் பிரிவில் இருக்கிறது. கேமரா வழக்குகளுக்கு 2021-ல் வந்த விதி 15 நாள் என்கிறது. இப்போது நமக்கு வருவது பெரும்பாலும் போனில் குறுஞ்செய்தி. வண்டி வாங்கியபோது கொடுத்த பழைய எண்ணிலேயே ஆர்.சி. இருந்தால், செய்தி யாருக்குப் போகும்? என் பைக்கைப் பார்த்தேன். பத்து வருஷத்துக்கு முன்னால் விட்டுவிட்ட எண் அதில் இருந்தது. இந்த வாரம் மாற்றக் கொடுத்திருக்கிறேன்.

மகளிடமும் அதையே கேட்டேன். "அம்மா, காரோட பேப்பர்ல எந்த அட்ரஸ் இருக்கு?" கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. மூன்று மாதத்துக்கு முன்னால் வீடு மாறியவள், காகிதத்தில் பழைய வீடு. அன்று இரவே ஆன்லைனில் மாற்றிவிட்டாள். ஆனால் கேமரா அடித்த நாளில் இருந்தது பழைய விலாசம்தான். கடிதம் அங்கேதான் போகும், அங்கே போனாலே சட்டத்துக்குப் போதும்.

இன்று ஒன்பதாம் நாள். பழைய வீட்டில் இப்போது ஒரு வயதான தம்பதி குடியிருக்கிறார்கள். நேற்று அவள் ஒரு கேக் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்திருக்கிறாள். அவள் பெயருக்கு எது வந்தாலும் எடுத்து வைக்கிறோம் என்று சொல்லியிருக்கிறார்களாம். வந்ததும் அன்றைக்கே படிவத்தை நிரப்பி, அனுப்பியதற்கு ரசீதும் வாங்கி வை என்று சொல்லியிருக்கிறேன்.